பசி ருசி அறியாதா?

“பசி ருசி அறியாது; நித்திரை சுகம் அறியாது” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். நாள் முழுதும் வலை இழுத்துக் கரை சேர்ந்தவனுக்கு நேற்றைய சோறும் ஒரு துண்டுக் கருவாடும் விருந்தாகிவிடும். மனிதனைப் பொறுத்தவரை இப்பழமொழியில் பிழையில்லை. ஆனால் நம் அடுப்படியிலேயே நம்மோடு குடியிருக்கும் ஓர் உயிருக்கு இது சிறிதும் பொருந்தாது. பூனையைத்தான் சொல்கிறோம், அதிலும் வயது முதிர்ந்த பூனையை. “கிடக்கட்டும், பசித்தால் தானே வந்து தின்னும்” என்று விட்டுவிட்டு, சில நாட்களில் அதனை இழந்து வருந்திய குடும்பங்கள் உண்டு. ஆகவேதான் இம்மாதம் இப்பொருளை எடுத்துக்கொள்கிறோம்.

குடும்பப் பத்திரிகையில் பூனைக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். வேதாகமத்திலேகூட வீட்டுப் பூனைக்குப் பெரிய இடமில்லை; பாரூக்கு ஆகமத்தின் 6-ஆம் அதிகாரத்தில், பொய்த் தெய்வங்களின் சிலைகள் மேல் ஏறி உட்காரும் பிராணிகளுள் ஒன்றாக அது தலைகாட்டுகிறது; அவ்வளவே. ஆனால் வீடு சந்திக்கச் செல்லும் குருவானவர் எவரும் ஓர் உண்மையை அறிவார். பிள்ளைகள் பட்டணத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்ட வீடுகளில், திண்ணையில் அமர்ந்திருக்கும் தாயின் காலடியில் பல வேளைகளில் ஒரு பூனை சுருண்டு கிடக்கும். அந்த வீட்டில் பேச்சுத் துணை அதுதான். அது உண்ண மறுக்கும் நாளில் அந்தத் தாயும் சரியாக உண்பதில்லை. எனவே இது குடும்பத்தைப் பற்றிய பேச்சே.

ஒரு வீட்டில் நடந்தது

கடற்கரை ஊர் ஒன்றில் நாம் அறிந்த குடும்பம். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், எழுபது வயது கடந்த தாய். தாய் வளர்த்த சாம்பல் நிறப் பெண் பூனைக்கு வயது பதினான்கு. குட்டிப் பருவம் தொட்டு அவித்த சாளை மீன் பிசைந்த சோறு அதற்கு வழக்கம். ஒரு மாதமாக அது தட்டின் அருகே ஓடி வரும், முகரும், ஒரு வாய் எடுக்கும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிவிட்டு விலகிப் போய்விடும்.

மருமகள் கெட்டவளல்லள். வீட்டு வேலையின் சுமையில், “மாமி, எல்லாம் நீங்கள் கொடுத்த செல்லம். இரண்டு நாள் பட்டினி கிடந்தால் தன்னால் வழிக்கு வரும்” என்றாள். மகன் பட்டணத்தில் விலையுயர்ந்த பொட்டல உணவு வாங்கி வந்தான். முதல் நாள் நக்கித் தின்றது. மறுநாள் அதையும் மறுத்தது. “பார்த்தீர்களா அம்மா, கொழுப்புத்தான்” என்றான் அவனும்.

தாய் மட்டும் இணங்கவில்லை. “கொழுப்பென்றால் தட்டுக்கே வராதே, ஐயா. அது தின்ன ஆசையோடு வருகிறது, தின்ன முடியாமல் போகிறது” என்றார். படிப்பறிவில்லாத அந்த மூதாட்டி சொன்ன இவ்வொரு வாக்கியத்தில் மருத்துவ நூலின் ஓர் அதிகாரமே அடங்கியிருக்கிறது. உண்ண விருப்பமின்மை வேறு. உண்ண இயலாமை வேறு. முன்னதில் பூனை உணவை நாடாது. பின்னதில் நாடி வந்து பின்வாங்கும். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வியும் இதுவே.

கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்று ஈறோடு சேர்ந்த இடத்தில் அரித்துப்போய், சதை சிவந்து வீங்கியிருந்தது. இரத்தப் பரிசோதனை செய்து, மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எடுத்தார். ஒரு வாரம் கூழாகக் குழைத்த மீன். பத்தாம் நாள் பூனை தன் பழைய தட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றது. பிறகு ஒருநாள் அம்மூதாட்டி நம்மிடம், “வாயில்லாச் சீவன் என்கிறோம், சாமி, அதற்கு வாயில்தானே நோவு இருந்திருக்கிறது” என்றார்.

பூனையின் நாவும் மூக்கும்

பூனை ஏன் இத்துணை முகர்ந்து ஆராய்கிறது? அதன் நாவில் ஏறத்தாழ 470 சுவை மொட்டுகளே உள்ளன. மனிதனுக்கோ ஆயிரக்கணக்கில் உள்ளன. இனிப்பு என்னும் சுவையை அது அறியவே அறியாது. இனிப்பை உணர்த்தும் ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக்கள் இரண்டினுள் ஒன்று பூனை இனத்தில் பழுதுபட்டுச் செயலற்றுப் போயிருப்பதை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள மோனெல் ஆய்வு நிலையத்தார் 2005-இல் கண்டறிந்து வெளியிட்டனர். ஆகவே பால்கோவாவைப் பூனை நக்குவது இனிப்புக்காக அன்று, அதிலுள்ள பாற்கொழுப்புக்காகவே.

நாக்கில் குறைந்ததைப் பூனைக்கு மூக்கு ஈடு செய்கிறது. எது உணவு, எது உணவன்று என்பதை அது மணத்தாலேயே தீர்மானிக்கிறது. நமக்கு முதுமையில் கண்ணும் காதும் மங்குவதுபோல, பூனைக்கும் வயதில் மோப்பம் மங்கக்கூடும். அப்போது தட்டில் இருப்பது எத்துணை நல்ல மீனாயினும், மணம் எட்டாததால் அது பூனைக்கு உணவாகத் தோன்றுவதில்லை. சளி பிடித்து மூக்கடைத்த பூனை இளையதாயினும் உண்ண மறுப்பது இக்காரணத்தாலேயே.

வயதுக் கணக்கையும் அறிந்து வைத்தல் நலம். 10 வயதைக் கடந்த பூனையை முதியதென மருத்துவர்கள் கொள்வர். 15 வயதுப் பூனை ஏறத்தாழ 76 வயது மனிதருக்கு ஒப்பானது என்பது வழக்கமான கணக்கு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் 1967-இல் பிறந்து 2005-இல் இறந்த ஒரு பூனை 38 ஆண்டுகள் வாழ்ந்து உலகச் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றது, அது விதிவிலக்கு. நம் வீட்டுப் பதின்மூன்று வயதுப் பூனையை, ‘இன்னும் குட்டிபோல இருக்கிறது’ என்று நாம் நினைத்தாலும், அது பாட்டியார் பருவத்தை எட்டிவிட்டது.

பூனைக்கு ஒருசந்தி இல்லை

தவக்காலத்தில் நாம் ஒருசந்தி இருக்கிறோம். அதனால் நம் உடலுக்குத் தீங்கில்லை. பூனையின் உடல் அவ்வாறு அமைக்கப்படவில்லை. அது உண்ணாதபோது உடலில் சேர்ந்துள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வந்து சேர்கிறது. அவ்வளவு கொழுப்பையும் ஒருங்கே கையாளும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. கொழுப்பு அங்கேயே தேங்கி, கல்லீரல் தன் வேலையை நிறுத்தத் தொடங்கும். இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே இது தொடங்கிவிடக்கூடும். பருத்த பூனைகளுக்கு ஆபத்து மிகுதி. காதின் உட்புறமும் ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சள் பூத்தால் நோய் முற்றிவிட்டதென்று பொருள். அதன்பின் குழாய் வழியாக வாரக்கணக்கில் உணவு செலுத்தித்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

இதில் கொடுமை என்னவெனில், கல்லீரல் நோய் கண்ட பூனைக்குக் குமட்டல் உண்டாகும். குமட்டலால் இன்னும் உண்ணாது. உண்ணாமையால் நோய் இன்னும் பெருகும். ஆகவே ‘பட்டினி போட்டால் வழிக்கு வரும்’ என்னும் வைத்தியம் பூனைக்கு நஞ்சு. ஒரு நாள் முழுவதும், அதாவது 24 மணி நேரம், எதையும் தொடாத பூனையை மறுநாள் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். உண்கிறது, ஆயினும் வழக்கத்தில் பாதியே உண்கிறது என்றால், அவ்வாறு மூன்று நாளுக்குமேல் நீடிக்க விடாதீர்கள்.

தவக்காலம் முழுதும் மீனும் இறைச்சியும் நீக்குகிற குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அது பாராட்டத்தக்க வழக்கம். ஆனால் அந்த நாற்பது நாளும் பூனைக்கும் தயிர்ச்சோறே என்றால், அது தவம் ஆகாது. பூனை ஊன் உண்டே வாழப் படைக்கப்பட்ட பிராணி. டாரின் என்னும் சத்து தாவரங்களில் அநேகமாக இல்லை; பூனையின் உடல் தனக்குப் போதுமான அளவு அதனை ஆக்கிக்கொள்ளவும் இயலாது. அது குறைந்தால் பூனைக்குக் கண்பார்வை கெடும் என்று 1975-இலும், இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்று 1987-இலும் ஆராய்ச்சியாளர் நிறுவினர். கீரை, காரட்டு முதலியவற்றிலுள்ள சத்தினின்று வைட்டமின் ஏ-ஐ ஆக்கிக்கொள்ளவும் பூனையால் முடியாது. சுத்தபோசனம் நமக்கு, பூனைக்கு அதன் பங்கைக் கொடுத்துவிட வேண்டும்.

மறுப்பின் காரணங்கள்

முதிய பூனை உணவைத் தேர்ந்து தேர்ந்து உண்ணத் தொடங்கினால், அதனை முதலில் குணக்கேடாக எண்ணாமல் நோயின் அறிகுறியாக எண்ணுவதே முறை. காரணங்களுள் முக்கியமானவற்றை மட்டும் சொல்வோம்.

முதலாவது, வாய். பல் அரிப்பு, ஈறு வீக்கம், நாவின்கீழ்ப் புண். வாய் நாற்றம், எச்சில் ஒழுகல், ஒரே பக்கமாக மெல்லுதல், கடினமான தீனியை விட்டுக் குழம்பை மட்டும் நக்குதல் ஆகியவை அடையாளங்கள். பூனை நோவைக் காட்டிக்கொள்ளாது; கத்தாது; ஒதுங்கிவிடும்.

இரண்டாவது, சிறுநீரகம். முதிய பூனைகளை மிகுதியாகப் பற்றும் நோய் இது. பூனை வழக்கத்தைவிட மிகுதியாகத் தண்ணீர் குடிக்கும், மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும், மெலியும், உணவை முகர்ந்ததும் உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிவிடும். அந்த உதடு நக்கல் ஆசையால் அன்று, குமட்டலால். கழிவு இரத்தத்தில் தேங்குவதால் குமட்டுகிறது. இந்நோயை முற்றிலும் நீக்க முடியாதாயினும், காலத்தே கண்டால் ஏற்ற உணவினாலும் மருந்தினாலும் ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழவைக்க முடியும்.

மூன்றாவது, கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியின் மிகைச் சுரப்பு. பூனைகளில் இந்நோய் 1979-இல்தான் அமெரிக்காவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இதில் பெரும்பாலும் பூனை மிகுதியாக உண்டும் மெலிந்துகொண்டே போகும், இரவில் அலறும், சில பூனைகள் மட்டும் உணவில் பற்றிழந்து சோர்ந்துவிடும். ‘நன்றாகத்தானே தின்கிறது’ என்று நிம்மதி கொள்ளும் வீட்டார் பூனையின் முதுகெலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும்.

நான்காவது, மூட்டு வாதம். உணவு மேடைமேல் இருந்தால் ஏற முடியாது. தரையில் இருந்தால் கழுத்தைக் குனிக்க நோகும். உணவில் குறையில்லை, உணவுக்குச் செல்லும் வழியில்தான் குறை. இவையன்றி நீரிழிவு, குடல் நோய், கணைய வீக்கம், புற்று எனப் பிறவும் உண்டு. அவற்றையெல்லாம் பிரித்தறிவது மருத்துவர் பணி. மலச்சிக்கல் ஒன்றே பூனையின் பசியை அடைத்துவிடுவதும் உண்டு. எனவே அது கழிப்பதையும் கவனியுங்கள்.

நோயில்லாக் காரணங்களையும் மறக்கலாகாது. வீட்டில் புதிய குட்டிப் பூனை வந்து, கிழப் பூனையைத் தட்டிலிருந்து விரட்டுகிறதா? வீடு மாறினீர்களா? வளர்த்தவர் மருத்துவமனையில் இருக்கிறாரா? பூனை வழக்கத்தின் அடிமை. வழக்கம் குலைந்தால் பசி குலையும்.

வீட்டார் தாமே செய்யக்கூடிய எளிய சோதனை எடை பார்த்தல். ஒரு கூடையில் பூனையை வைத்து மின்னணுத் தராசில் நிறுத்து, கூடையின் எடையைக் கழித்து, மாதம் ஒருமுறை நாட்காட்டியில் குறித்து வாருங்கள். 4 கிலோ எடையுள்ள பூனை 400 கிராம் குறைந்தால் நமக்கு அது அற்பமாகத் தோன்றும். ஆனால் அது 60 கிலோ எடையுள்ள மனிதர் 6 கிலோ மெலிவதற்குச் சமம். அத்தகைய மனிதரை நாம் ‘இளைத்துவிட்டார்’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதில்லையே!

ஊட்டும் முறை

மருத்துவர் பார்த்து, செய்ய வேண்டியதைச் செய்தபின்னும், முதிய பூனை பழையபடி உண்பதற்குச் சில நாள் ஆகும். அப்போது வீட்டு நிர்வாகியின் கைப்பக்குவமே மருந்து.

உணவை இளஞ்சூடாகக் கொடுங்கள். காட்டில் பூனை உண்பது அப்போது கொன்ற எலியை. அதன் சூடு உயிருள்ள உடலின் சூடு, ஏறத்தாழ 37 அல்லது 38 பாகை. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த மீன் துண்டில் மணம் எழும்புவதில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் கிண்ணத்தைச் சற்றே வைத்து, புறங்கையில் தொட்டுப் பார்த்து வையுங்கள். இந்த ஒரு மாற்றத்தாலேயே உண்ணத் தொடங்கும் பூனைகள் பல.

சிறிது சிறிதாகப் பல வேளை கொடுங்கள். ஓர் எலி ஏறத்தாழ 30 கலோரி. 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி. அதாவது நாள் முழுதும் சிறு சிறு வேட்டைகளாக உண்ணும் இயல்புடையது பூனை. காலையும் மாலையும் ஒரு குவியல் என்பது மனிதர் ஏற்படுத்திய வழக்கம். முதிய பூனைக்கு நாளுக்கு ஐந்தாறு வேளை, ஒவ்வொரு வேளையும் சிறிதளவு கொடுங்கள். நம் நாட்டு வெப்பத்தில் ஈரமான உணவு விரைவில் கெட்டுவிடும். அரை மணிக்குமேல் வைக்காமல் எடுத்து, தட்டைக் கழுவிவிடுங்கள். பழைய நாற்றம் படிந்த தட்டு, எறும்பு மொய்த்த தட்டு ஆகியவற்றைப் பூனை ஒருகாலும் மன்னிப்பதில்லை. தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் வைத்தால் எறும்பு வராது.

மென்மையாகக் கொடுங்கள். மீனையோ தோல் நீக்கிய கோழியையோ உப்பு, மிளகாய், எண்ணெய் எதுவுமின்றி அவித்து, முள்ளும் எலும்பும் ஒன்றுவிடாமல் நீக்கி, அவித்த நீரையும் சேர்த்துக் குழைத்துக் கொடுங்கள். டாரின் நீரில் கரைந்துவிடுவது. அவித்த நீரைக் கொட்டினால் அச்சத்தும் போய்விடும். அந்நீரே மணமும் தரும், நீர்ச்சத்தும் தரும். பாலைநிலக் காட்டுப்பூனையின் வழிவந்ததாதலால் பூனை இயல்பாகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கும். உணவிலுள்ள ஈரமே அதற்கு ஊற்று. கடையில் விற்கும் உலர்ந்த தீனியில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பங்கே நீர். ஈர உணவில் 75 முதல் 80 பங்கு. சிறுநீரகம் தளர்ந்த பூனைக்கு இவ்வேறுபாடு பெரிது.

எனினும் மீனும் சோறும் மட்டுமே முழு உணவாகிவிடா. வாழ்நாள் உணவாக வேண்டுமானால் எல்லாச் சத்தும் கலந்து பூனைக்கென்றே ஆக்கப்பட்ட உணவும் ஒரு பகுதியாக இருத்தல் நல்லது. ‘வயதான பூனைக்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும்’ என்று முன்னாளில் சொல்லப்பட்டது. நோயற்ற முதிய பூனைக்கு அவ்வாறு குறைக்கலாகாது என்பதே இன்றைய அறிவு. ஏனெனில் அவற்றுள் பல புரதத்தையும் கொழுப்பையும் முன்போல் செரிக்க இயலாமையால் தசை கரைந்து மெலிகின்றன. சிறுநீரக நோய் கண்ட பூனைக்கு மட்டும் மருத்துவர் சொல்லும் தனிப் பத்தியம்.

உணவை மாற்றுவதானால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் புதியதைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு எனக் கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள். பூனைக்குக் குமட்டல் உள்ள நாளில் புதிய பத்திய உணவைத் தொடங்கவே வேண்டாம். வாந்தி வந்த நாளில் உண்ட உணவைப் பூனை நெடுங்காலம் வெறுக்கும். ‘இதனால்தான் எனக்கு நோவு வந்தது’ என்று அது மனத்தில் பதித்துக்கொள்கிறது. இதே காரணத்தால், கசப்பு மாத்திரையைப் பூனையின் விருப்ப உணவில் ஒளித்து வைப்பதும் தவறு. ஒருமுறை கசந்தால், மாத்திரையோடு அவ்வுணவையும் இழந்துவிடுவோம்.

இடத்தையும் எண்ணுங்கள். நாய் நடமாடாத, பிள்ளைகள் ஓடாத, கழிக்கும் இடத்துக்குத் தொலைவான ஒரு மூலை. கழுத்து நோவுள்ள பூனைக்குத் தட்டை ஒரு சிறு பலகையின்மேல் உயர்த்தி வையுங்கள். அகலமான, ஆழமில்லாத தட்டு நல்லது. தண்ணீரை உணவுக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறோர் இடத்தில் வையுங்கள். பல பூனைகள் அதனையே விரும்புகின்றன. பக்கத்தில் அமர்ந்து தலையை மெல்லத் தடவிக்கொடுத்தால் உண்ணும் பூனைகளும் உண்டு. விரல் நுனியில் சிறிது குழம்பைத் தொட்டு மூக்கருகே காட்டலாம். ஆனால் வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள். உணவு மூச்சுக்குழலுள் போய் நுரையீரலைக் கெடுக்கும். உணவின்மேல் அச்சமும் பிறக்கும். பசியைத் தூண்டும் மருந்துகளும் குமட்டலை அடக்கும் மருந்துகளும் இன்று உள்ளன. காதின் உட்புறத்தில் தடவினாலே பசியைத் தூண்டும் களிம்பு ஒன்றை அமெரிக்க அரசு 2018-இல் ஏற்றது. அத்தகையவற்றை மருத்துவரிடமே கேளுங்கள்.

கொடுக்கக் கூடாதவை

உண்ண மறுக்கும் பூனையின்மேல் இரக்கம் கொண்டு, ‘எதையாவது தின்னட்டும்’ என்று நம் தட்டில் உள்ளதை அள்ளி வைப்பது தாய்மார் இயல்பு. அதில் சில கேடுகள் உள்ளன.

வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகையால் நம் மீன் குழம்பும் கோழிக் குழம்பும் ஆகா. கருவாட்டின் உப்பு முதிய சிறுநீரகத்துக்குச் சுமை. நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகவே நாள்தோறும் கொடுத்துவந்தால் அவற்றிலுள்ள ஒரு பொருள் வைட்டமின் பி-1 சத்தை அழித்துவிடும், பூனை தலை தொங்கித் தள்ளாடும், வலிப்பும் வரும். அவித்தால் அப்பொருள் அழிந்துவிடும். கோழி ஈரல் பூனைக்குப் பெருவிருப்பம். ஆனால் நாள்தோறும் அதுவே ஆனால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஒரு சிறு துண்டு போதும். பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு உண்டாக்கும்.

இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் கொட்டை எழுத்தில் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று: பூனைக்கு நோவென்று பாரசிட்டமால் மாத்திரை கொடுக்கவே கூடாது. மனிதக் குழந்தைக்கு ஏற்ற அம்மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரே மாத்திரை உயிரைக் குடிக்கும். மற்றொன்று: லில்லி மலர்கள். உயிர்ப்புப் பெருவிழாவில் பீடத்தை அலங்கரித்த லில்லி மலர்களைப் பின்பு வீட்டுக்குக் கொண்டுபோகும் பக்தர்கள் உண்டு. பூனை உள்ள வீட்டுக்கு அவை வேண்டாம். இலையும் இதழும் மகரந்தமும், அவற்றை வைத்த சாடியின் தண்ணீரும்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் சில நாட்களில் அழித்துவிடும்.

செலவும் அளவும்

‘ஏழைகள் வாசலில் நிற்கையில் பூனைக்கு இவ்வளவு செலவா?’ என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வியே. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதனை 2416 முதல் 2418 வரையுள்ள எண்களில் பேசுகிறது. விலங்குகளுக்கு இரக்கம் காட்டக் கடமைப்பட்டுள்ளோம், அவற்றைத் தேவையின்றி வதைத்தல் மனித மாண்புக்கு முரண் என்கிறது; மனிதத் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுதல் தகாது என்றும் கூறுகிறது. இரண்டையும் சேர்த்தே கைக்கொள்ள வேண்டும்.

நாம் மேலே கூறியவற்றுள் பெரும்பகுதிக்குச் செலவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இளஞ்சூடு, சிறு கவளம், முள் நீக்கிய மீன், சுத்தமான தட்டு, அமைதியான மூலை: இவற்றுக்குக் காசு வேண்டாம், கவனம் வேண்டும். மருத்துவத்துக்கும் அரசு கால்நடை மருந்தகங்கள் உள்ளன. 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகள் எனக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் நம் மாநிலத்தில் உள்ளன. பூனையை மூடியுள்ள கூடையில் கொண்டுசெல்லுங்கள். நோவுள்ள பூனை தன்னை வளர்த்தவரையும் கடிக்கக்கூடும். கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் சென்று தடுப்பூசி குறித்துக் கேளுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் பூனை முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இளஞ்சூட்டு மீனும் வேண்டாம், தடவிக்கொடுத்த கையும் வேண்டாம் என்று அது ஒதுங்கும் நேரம் வரலாம். அது குணக்கேடும் அன்று, வளர்த்தவரின் குறையும் அன்று. அப்போது மருத்துவரிடம் மறைவின்றிக் கேளுங்கள்: இது மீளுமா, மீளாதா? மீளாதெனில் வலி இல்லாமல் அதன் நாட்களைக் கழிக்க வழி என்ன? அந்த வீட்டில் முதியவர் இருந்தால், ‘ஒரு பூனைக்காகவா அழுகிறீர்கள்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் விடியற்காலையில் முதலில் எழுந்து கவனித்த உயிர் அது.

இளைய தாய்மாருக்கும் மருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுப்படியில் யார் தட்டைத் தள்ளினாலும், அது பூனையாயினும் மூத்தவராயினும், ‘ருசி கேட்கிறது’ என்று சொல்லுமுன் அருகில் சென்று பாருங்கள். பல்லில் நோவா, வயிற்றில் குமட்டலா, மணம் தெரியவில்லையா, குனிய முடியவில்லையா என்று ஒருமுறை விசாரியுங்கள். உங்கள் வீட்டில் பத்து வயது கடந்த பூனை இருந்தால், இன்றைக்கே அதனை நிறுத்து, எடையையும் தேதியையும் நாட்காட்டியில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் இதே தேதியில் மறுபடியும் நிறுத்துப் பாருங்கள்.